பூசி மெழுகுதல்

1

'பூசி மெழுகுதல்' என்னும் தொடர் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. மண்சுவரின் வெடிப்பைச் செம்மண்ணும் சாணமும் கொண்டு அடைத்துக் காப்பது ஒன்று. நேர்ந்த குறையை வெளியில் தெரியாதபடி மறைத்துப் பேசுவது மற்றொன்று. மின்னணுச் சாதனங்களுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையின்மீது எபாக்சிப் பிசினை ஊற்றி, அது கல்லாக இறுகியபின் விற்பனைக்கு அனுப்பும் வழக்கத்தைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைக்காது. முதற்பொருளை வாயால் சொல்லிக்கொண்டு இரண்டாம் பொருளில் வணிகம் நடத்துகிறார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

இலக்கியம் பேசும் இடத்தில் சர்க்யூட் பலகைக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவன் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா, பார்த்தறிந்ததைக் கொண்டு அதைச் சரிசெய்யலாமா என்று கேட்பது, அறிவு யாருக்குரியது என்று கேட்பதேயாகும். நூலை யார் படிக்கலாம், யார் தொடக்கூடாது என்று நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடிய ஒரு சமூகத்தின் வாசகர்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

2

சேலத்திலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று காவிரிக்கரை நோக்கி விரியும் சமவெளியை அறிந்தவர்களுக்கு அங்கே பழுதுபார்ப்பு எத்தகைய இடம் வகிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் நிலத்தைத் துளைக்கும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படுகின்றன. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நாமக்கல்லின் அடையாளம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியின் ஓசைதான் ஊரின் ஓசை. இவற்றுக்கு நடுவே, ஊருக்கு ஊர், மோட்டார் ரீவைண்டிங் கடைகள்.

அக்கடைகளில் நடப்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கருகிப்போன மோட்டாரின் செம்புச் சுருளில் வார்னிஷ் ஊறி இறுகிக் கிடக்கும். சுருளின் ஒரு முனையை வெட்டி, சூடேற்றி, மறுமுனை வழியாக உருவி எடுக்கிறார்கள். எடுத்ததைத் தூக்கியெறிவதில்லை. எத்தனை சுற்று, கம்பியின் கனம் என்ன, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குத் தாவியிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே கணக்கில் புதுக்கம்பி சுற்றுகிறார்கள். பழைய சுருளே அவர்களுக்கு மூலபாடம். மூலபாடம் சிதைந்திருந்தாலும் அதை வாசித்துவிடும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. இறுகிய பூச்சை அகற்றி உள்ளிருப்பதை மீட்கும் கலை இந்தச் சமவெளிக்குப் புதிதாக வந்ததன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மாறியது பொருள். முன்பு கிணற்றடியில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு காந்தச் சுருள், சில தொடுமுனைகள், ஒரு ரிலே. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதும், கிணறு வற்றினால் நிறுத்துவதும், வீட்டிலிருந்து செல்பேசியில் அழைத்தால் ஓடவைப்பதும் மின்னணுப் பலகைகள். மோட்டார் சைக்கிளின் சிடிஐ, ரெகுலேட்டர், தெருவிளக்கின் எல்இடி டிரைவர், மின்ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பலவற்றைத் திறந்தால் உள்ளே பலகை தெரியாது. கறுத்த கட்டி ஒன்றுதான் தெரியும். உழவர் கடைக்காரரைப் பார்ப்பார். கடைக்காரர் கட்டியைத் தட்டிப் பார்ப்பார். 'இது புதுசுதாங்க மாத்தணும்' என்பார். முப்பது ஆண்டுக் கைத்திறன் அந்த ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோகிறது.

3

எபாக்சியை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டு குழாய்களாகக் கடையில் கிடைக்கும் அரால்டைட் அதுவே. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946இல் அப்பெயரோடு அதை அறிமுகப்படுத்தியது. ஒரு குழாயில் பிசின், மற்றதில் இறுக்கி. இரண்டும் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிரிக்கமுடியாத வலையாகிவிடும். வெல்லத்தைக் காய்ச்சினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடியும் உருகும். எபாக்சிக்கு அந்தக் குணம் இல்லை. நாமக்கல்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால் அது வெந்த முட்டை. எவ்வளவு சூடாக்கினாலும் வெந்த முட்டை கூழாகாது, கருகத்தான் செய்யும்.

உருகாததை அகற்ற மூன்று வழிகள் உண்டு: சூடு, சுரண்டல், கரைப்பான். சுரண்டல் என்ற சொல்லை இங்கே நேர்ப்பொருளில்தான் ஆள்கிறோம். மறுபொருளுக்குப் பின்னர் வருவோம்.

ஒவ்வோர் எபாக்சிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் கண்ணாடிபோல் இருந்த இறுக்கம் தளர்ந்து தோல்போல் ஆகும். பல பிசின்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸைச் சுற்றி அமைகிறது. பலகையில் உறுப்புகளைப் பிடித்திருக்கும் பற்றாசோ, ஈயம் கலந்த பழைய வகையானால் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாப் புதிய வகை 217 டிகிரியை ஒட்டி உருகும். ஆகவே பிசின் தளர வேண்டும், பற்றாசு உருகக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில் கைவேலை நடக்க வேண்டும். மின்பகு கன்டென்சர்களோ அதற்கும் முன்பே துன்புறத் தொடங்கிவிடும். அவற்றின் மேலுறையிலேயே 85 டிகிரி, 105 டிகிரி என்று எல்லை அச்சிடப்பட்டிருக்கும். சூடான காற்றை ஓரிடத்தில் சில நொடிகள் காட்டி, தளர்ந்த துணுக்கை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ நெம்பி எடுத்து, மறுபடியும் காற்று, மறுபடியும் குச்சி. உலோகக் கத்தி வழுக்கினால் முடிபோன்ற செம்புத்தடம் அறுந்துபோகும். அவசரப்பட்டு இழுத்தால் பிசினோடு சேர்ந்து உறுப்பே காலொடிந்து வரும்.

கரைப்பான் வழி இன்னும் கொடியது. அசிட்டோன் நன்கு இறுகிய எபாக்சியைப் பெரிதாக அசைப்பதில்லை. வண்ணம் உரிக்கப் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன் அதை ஊதவைத்துப் பிளக்கும். ஆனால் சர்க்யூட் பலகை எதனால் ஆனது? கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் தோய்த்து அழுத்தியதே அப்பலகை. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சில்லின் உடலும் பெரும்பாலும் எபாக்சியே. உறையைத் தின்னும் திரவம் உடலையும் தின்னும். அதோடு நிற்பதுமில்லை, மூச்சோடு உள்ளே போகும் டைகுளோரோமீத்தேனை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடைவிதித்தது. சன்னல் இல்லாத பத்துக்குப் பத்துக் கடையில் அதைக் கையாள்பவன் எதைப் பணயம் வைக்கிறான் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. பொறுமையிழந்து பலகையை நெருப்பில் காட்டுபவனுக்கு வேறு நஞ்சு. தீப்பற்றாமைக்காகப் பலகையில் பொதுவாகச் சேர்க்கப்படும் புரோமின் சேர்மங்கள் எரியும்போது டையாக்சின் வகை நச்சுகளைத் தருகின்றன.

இப்போது மறுபொருளுக்கு வரலாம். பிசினை ஊற்றியவருக்குச் செலவு சொற்பம். அதை அகற்றும் செலவு மட்டும் பழுதுபார்ப்பவனின் நேரத்திலும் நுரையீரலிலும் கழிகிறது. இதற்குப் பெயர் என்ன என்று வாசகர்களே சொல்லட்டும்.

4

எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம் பாதுகாப்புப் பூச்சு என்பது. இதில் உண்மை உண்டு, மறுப்பது நேர்மையாகாது. கோழிப்பண்ணையின் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பை அரிக்கும். தறிக்கூடத்தின் பஞ்சுத்தூசு பலகையில் படிந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். லாரியின் அதிர்வு பற்றாசைப் பிளக்கும். பூச்சே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பூச்சில் படிநிலைகள் உள்ளன. மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஈரத்தைத் தடுக்கும்; தேவைப்பட்டால் எளிய கரைப்பானில் கழன்றுவிடும். சிலிக்கோன் கூழ் அதிர்வைத் தாங்கும். கத்தியால் அறுத்துப் பழுது நீக்கி மறுபடி ஊற்றலாம். ரப்பர் வளையமும் நான்கு திருகாணிகளும் கொண்ட பெட்டி மழையைத் தடுக்கும். இவையெல்லாம் போதாத இடங்கள் சில உண்டு. அங்கே எபாக்சி இருக்கட்டும். போதும் என்னும் இடங்களிலும் அதையே ஊற்றுவது ஏன்?

இதற்கு விடை வேறோரிடத்தில் கிடைக்கிறது. பிசினைச் சிரமப்பட்டு அகற்றிப் பார்த்தால், சில பலகைகளில் சில்லின் முதுகிலிருந்த எண் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். அம்மோனியாவை எதிர்க்க எண்ணை அழிப்பதால் என்ன பயன்? மழைத்துளி எண்ணைப் படித்துவிட்டா உள்ளே வருகிறது? எண்ணை அழித்த கையும் பிசினை ஊற்றிய கையும் ஒன்று என்றால், அந்தக் கையின் நோக்கத்தை ஐயுற நமக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வாதம் தொழில் இரகசியம். போட்டியாளர்கள் நகலெடுத்துவிடுவார்களாம். பணமுள்ள போட்டியாளனிடம் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. சில்லின் உறையையே கரைத்து உள்ளே பார்க்க அடர் நைட்ரிக் அமிலமும் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. அவனைப் பிசின் சில நாள்கள் தாமதப்படுத்தும், அவ்வளவே. முற்றாகத் தடுக்கப்படுபவன் இராசிபுரத்திலோ எடப்பாடியிலோ சூட்டுக்கோல் பிடித்திருக்கும் கடைக்காரன். அவன் நகலெடுக்கப் போவதுமில்லை. செத்த ஓர் உறுப்பை மாற்றப் போகிறான். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சில்லு வடிவமைப்புச் சட்டமே ஆய்வுக்கும் பகுப்பாய்வுக்கும் கற்பித்தலுக்கும் ஒரு வடிவமைப்பைப் பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. சட்டம் திறந்துவைத்த கதவைப் பிசின் சாத்துகிறது.

மூன்றாம் வாதம் ஆபத்து. அறியாதவர்கள் திறந்தால் தீப்பிடிக்கும், உயிர் போகும் என்கிறார்கள். 2022இல் மின்ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளை நாம் மறக்கவில்லை. லித்தியம் மின்கலத் தொகுதியைச் சாதாரணப் பலகைபோல் நெம்பக்கூடாது என்பதை முழுமனதாக ஏற்கிறோம். ஆனால் அறியாதவன் திறப்பது ஆபத்து என்றால் அறியச்செய்வதே அதற்கு மருந்து. மூடிவைப்பதால் அறியாமை குறைவதில்லை. இறுகிய கட்டியை ஒருவன் குருட்டுத்தனமாக உடைக்கும்போது ஆபத்து கூடுகிறது. மின்சுற்றின் வரைபடமும் உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்ற குறிப்பும் அவன் கையில் இருந்தால் அவன் பாதுகாப்பாக வேலை செய்வான். உரை இல்லாத சூத்திரத்தை மாணவன் கையில் கொடுத்துவிட்டுப் பிழைபடப் படித்தான் என்று பழிப்பது என்ன நியாயம்?

நான்காம் வாதம்தான் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது: மலிவாகத்தானே கிடைக்கிறது, புதிதாக வாங்கிவிட்டுப் போவோமே. செத்தது பல வேளைகளில் சில ரூபாய் பெறும் ஒரு கன்டென்சர், அல்லது ஒரு டிரான்சிஸ்டர். அதற்காக முழுப்பலகையும் குப்பைக்குப் போகிறது. ஐக்கிய நாடுகள் சார்பில் 2024இல் வெளியான உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மீதியின் ஒரு பகுதி எந்த ஆற்றங்கரையில், எந்தப் புறம்போக்கில் எரிகிறது என்று விலைச்சீட்டில் எழுதியிருக்காது. மலிவு என்பது கணக்கின் முதல் வரி மட்டுமே.

5

எபாக்சி என்றால் அகற்றமுடியாததுதானே, வேதியியலின் விதியை யார் மாற்றுவது என்று கேட்கலாம். மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் அணுவாயுதங்களோடு தொடர்புடைய சாண்டியா தேசிய ஆய்வகம் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே அகற்றத்தக்க எபாக்சிகளை உருவாக்கியது. சூட்டில் மீளப் பிரியும் பிணைப்புகளை வலைக்குள் வைத்துவிட்டார்கள். 90 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மென்மையான கரைப்பானில் வைத்தால் பிசின் விட்டுக்கொடுக்கும். உள்ளே இருக்கும் மின்னணு உறுப்புகளை மறுபடி திறந்து பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. ஆகவே திறக்கத்தக்க பிசின் பிறந்தது. ஆயுதத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை ஆழ்துளைக் கிணற்றின் ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. ரீசைக்ளமின் என்ற பெயரில் கலிபோர்னியாவின் கனோரா நிறுவனம் உருவாக்கிய இறுக்கி, எபாக்சி வலையை மென்மையான அமிலக் கரைசலில் அவிழ்க்க வழிசெய்கிறது. அத்தொழில்நுட்பத்தை 2019இல் வாங்கியது ஆதித்ய பிர்லா குழுமம். 2021இல் சீமென்ஸ் கமேசா நிறுவனம் அறிவித்த மறுசுழற்சிக்குரிய காற்றாலை இறக்கைகளில் இந்தப் பிசின் வகையே இடம்பெற்றது. காற்றாலை இறக்கைக்குப் பொருந்துவது சர்க்யூட் பலகைக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நாம் வாதிடவில்லை. பலகையில் செம்பு இருக்கிறது, பற்றாசு இருக்கிறது. அமிலம் அவற்றையும் தொடும். ஆயினும் அவிழும் எபாக்சி கற்பனை என்று இனி எவரும் சொல்லமுடியாது. அதன் உரிமை ஓர் இந்தியக் குழுமத்தின் கையிலேயே இருக்கிறது. கேட்பார் இல்லாததால் கிணற்றடிவரை அது வந்துசேரவில்லை.

6

அரசு என்ன செய்கிறது? 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதுவரை 21ஆக இருந்த பொருள்வகைகள் 106ஆகப் பெருகின. உற்பத்தியாளர் ஆண்டுதோறும் எடைக்கணக்கில் இத்தனை விழுக்காடு மறுசுழற்சி செய்ததாகச் சான்று காட்ட வேண்டும். 60இல் தொடங்கி 2027–28இல் அது 80 விழுக்காடாகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்: பொன், செம்பு, அலுமினியம், இரும்பு. அதாவது பலகையை அரைத்து உருக்கினால் கணக்கில் ஏறும். புதுப்பிப்பவர்களுக்கும் விதிகளில் ஓர் இடம் உண்டு. அந்தச் சான்று உற்பத்தியாளரின் கடமையைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க மட்டும் உதவுகிறது. பதிவும் இணையமும் இல்லாத ஒரு சிறுகடைக்காரர் ஒரு பலகைக்கு இன்னும் ஐந்தாண்டு ஆயுள் கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பிணத்துக்கு எடைபார்க்கும் சட்டம் உயிர்ப்பித்தவனைக் காண்பதில்லை.

பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 சூலையில் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைக் குறித்தது. வேளாண் கருவிகள் பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். அதே ஆண்டு திசம்பர் 24 அன்று ஓர் இணையவாயில் திறக்கப்பட்டது. பழுதுநீக்க எளிமைக்குக் குறியீட்டு மதிப்பெண் வழங்குவது பற்றிய மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. அது தொடக்கத்துக்கு எடுத்துக்கொண்டவை ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். கிணற்றடிப் பெட்டி எப்போதும்போல வரிசையின் கடைசியில் நிற்கிறது.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்லமாட்டோம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றம். அபராதத்தின்மீது மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் வெளியாள் கைக்கு எட்டாமல் பழுதுநீக்கத்தைப் பூட்டிவைப்பது தவறு என்று ஓர் அமைப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. பூட்டு இரும்பாக இருந்தால் குற்றம், பிசினாக இருந்தால் தொழில்நுட்பமா?

7

நாமக்கல் மலையின் குடைவரைக் கோயிலைக் கல்வெட்டு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று குறிக்கிறது. அதியர் பெயர் தாங்கிய இந்த மண்ணில் நின்றுகொண்டு புறநானூற்றின் 95ஆம் பாட்டை நினைக்காமல் இருக்கமுடியாது. தொண்டைமானின் படைக்கொட்டிலில் நெய் பூசி அழகுபார்த்து வைத்த ஆயுதங்களைக் கண்ட ஔவை, அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு வருகிறாள். பழிப்பதுபோலப் புகழ்ந்த பாட்டு அது. பயன்பட்ட கருவி பழுதாகும். பழுதானது பட்டறைக்குப் போகும். பட்டறை இருப்பதே வலிமை. இந்த எளிய உண்மையைக் கவிதையாக்கிய மரபுக்கு உரியவர்கள் நாம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. எபாக்சி தவிர்க்கமுடியாத இடம் எது என்று தர நிர்ணயம் வரையறுக்கட்டும். ஏனைய இடங்களில் அகற்றத்தக்க பூச்சு கட்டாயமாகட்டும். பலகையின் மின்சுற்று வரைபடத்தை, குறைந்தது உத்தரவாதக் காலம் முடிந்தபின்னாவது, தமிழிலும் கிடைக்கும்படி வெளியிடட்டும். சில்லின் எண்ணைத் தேய்த்தழிப்பது நுகர்வோருக்கு எதிரான செயலாகக் கருதப்படட்டும். பூச்சகற்றும் முறைகளை உலக மின்னணுத் தொழில் அமைப்பான ஐபிசி தன் 7711/7721 தரவரைவில் எழுதியே வைத்திருக்கிறது. விலைக்கு விற்கப்படும் ஆவணம் அது. அதையொத்த அறிவு, நச்சுப்புகை வெளியேற்றும் அமைப்போடு சேர்ந்து, சேலம், நாமக்கல் தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழில் பாடமாகட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. இதுவரை எழுதியவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உலகில் நடைமுறையில் உள்ளவை. தேவைப்படுவது கேட்கும் குரல். அந்தக் குரலை எழுப்பும் பொறுப்பைச் சூட்டுக்கோல் பிடித்தவன்மீதே சுமத்திவிட்டு, எழுதுகோல் பிடித்தவர்கள் இது நம் துறை இல்லை என்று ஒதுங்குவார்களானால், பூசி மெழுகுவோர் பட்டியலில் அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.